தேர் இழுத்த கயிறு

மகள்,

நீ கனடாவுக்குத் திரும்பிப் போய் ஒன்பது நாளாகிறது. நீ விட்டுப்போன சாம்பல் நிறக் கம்பளி ஜம்பரை அம்மா கழுவி மடித்து உன் கட்டிலில் வைத்திருக்கிறாள். அந்த அறையைத் தாண்டும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறேன். இதை ஆங்கிலத்தில் எழுதினால் உனக்குச் சுலபம் என்று தெரியும். ஆனால் இந்த நியூசிலாந்துக்கு வந்தபிறகு நான் ஆங்கிலத்தில் எழுதியதெல்லாம் படிவமும் அறிக்கையும்தான், அந்த மொழியில் ஒரு பொய்யையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதே மொழியில் உட்கார்ந்து உனக்கு உண்மை சொல்ல எனக்குத் தெம்பில்லை. நீ ஐந்தாம் வகுப்பு வரை திருகோணமலையில் படித்தவள், எழுத்துக்கூட்டியாவது வாசித்துவிடுவாய். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். ஆறுதலாக வாசி. ஆனால் திங்கட்கிழமைக்கு முன் வாசித்துவிடு.

நீ புறப்படுவதற்கு முதல்நாள் மத்தியானம் சாப்பாட்டு மேசையில் கோப்பையை ஒரு பக்கம் தள்ளிவிட்டு லாப்டாப்பைத் திறந்தாய். ஏழு கோடைகாலம் ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்கிக் காட்டுத்தீ அணைத்தவளை இப்போது அந்த முகாமுக்கே பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள். கயிற்றில் இறங்கும் இருபது பேரும் இனி உன் சொல்லில்தான் இறங்குவார்கள். வருகிற திங்கட்கிழமை அவர்களுக்கு நடத்தப்போகும் முதல் வகுப்பை எனக்கு ஒருதரம் சொல்லிப் பார்க்க வேண்டும் என்றாய். முதல் படமே ஒரு சிவப்பு அட்டை, இனி இறங்க உதவாத கயிற்றில் கட்டுவது. “நியூசிலாந்தில் ஒரு ஸ்பாட்டர் இருந்தார்,” என்று ஆங்கிலத்தில் தொடங்கினாய். “ஹெலிகாப்டர் கதவோரம் முழங்காலில் இருந்து, யார் எப்போது இறங்குவது என்று சொல்பவர். நல்ல மனிதர், அனுபவசாலி. ஒரு காலையில் அவசரத்தில் ஒரு சிவப்பு அட்டையைப் பார்க்காமல் விட்டார். கழித்துப்போட்ட கயிற்றில் ஒருவரை இறக்கினார். அனுபவம் கண்ணை மறைக்கும். அதனால் இங்கே பார்க்க வேண்டும், தொட வேண்டும், வாய்விட்டு வாசிக்க வேண்டும்.” பிறகு என்னைப் பார்த்து, “எப்பிடி அப்பா?” என்று தமிழில் கேட்டாய். “நல்லாயிருக்கு பிள்ளை,” என்றேன். குப்பைத் தொட்டியை உள்ளே இழுத்து வைக்க வேண்டும் என்று எழுந்து வெளியே போனேன். அன்றைக்குக் குப்பை எடுக்கும் நாளே இல்லை.

அந்த ஸ்பாட்டர் என்னோடு வேலை செய்த சேகர் அங்கிள் என்று உனக்குத் தெரியும். அவர் பார்க்காமல் விட்டார் என்று உனக்குச் சொன்னது நான். மகள், அவர் பார்த்தார். அந்தக் கயிற்றில் அட்டை இருக்கவில்லை. அதைக் கழற்றியவன் நான். இந்த ஒரு வரியை எழுதத்தான் எனக்குப் பதின்மூன்று வருடம் பிடித்திருக்கிறது. மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன், இனி ஒளித்து என்ன காணப்போகிறேன்.

ஹென்டர்சனுக்கு அப்பால், மலையடிவாரத்தில் இருந்த அந்த ஹெலிகாப்டர் நிறுவனத்தை உனக்கு ஞாபகமிருக்கும். இப்போது அது இல்லை. பைன் காடுகளில் தீப்பிடித்தால் ஹெலிகாப்டர் இறங்க இடமில்லாத சரிவுகளில் ஆட்களைக் கயிற்றில் இறக்கிப் பார்ப்போம் என்று சில கோடைகாலங்கள் அங்கே நடத்தினார்கள். திருகோணமலைத் துறைமுகத்தில் கயிறும் சங்கிலியும் பார்த்தவன் என்பதால் எனக்கு ஸ்டோர் பொறுப்பு. ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு இலக்கம், ஒரு பதிவுப் புத்தகம். எத்தனை தரம் இறங்கினார்கள், மழையில் நனைந்ததா, பாறையில் உரசியதா, எல்லாம் எழுத வேண்டும். இறங்கி முடிந்த கயிற்றை அடி அடியாக விரலுக்கிடையில் உருவிப் பார்க்க வேண்டும். உள்ளே ஒரு கட்டி தட்டுப்பட்டாலும் சரி, சந்தேகம் வந்தாலே சரி, சிவப்பு அட்டை கட்டி, கழிவுத் தொட்டியில் போட்டு, அன்றைக்கே துண்டு துண்டாக வெட்டிவிட வேண்டும். ஏன் வெட்ட வேண்டும் என்று ஆரம்பத்தில் எனக்கு விளங்கவில்லை. நல்ல கயிறு போலத்தானே கிடக்கிறது என்று வயிறு எரியும். முழுசாகக் கிடக்கும் கயிற்றை யாராவது ஒருநாள் எடுப்பார்கள், அதனால்தான் வெட்டுவது. உன் ஸ்டோரிலும் இந்த விதி இருக்கும். விதியை எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரியும் என்பதைப் பார்த்து நீ ஏமாந்துவிடாதே. எனக்கும் அது மனப்பாடம்தான்.

அந்த வருடம் மாசி மகத்துக்கு நம் கோயிலில் முதல்தரம் தேர் ஓட இருந்தது. தேர் என்றால் பெரிய தேர் இல்லை, ட்ரெய்லர் சில்லுகளுக்கு மேலே கட்டியது, கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி ஒருதரம் இழுப்பதாகத் திட்டம். ஊரிலிருந்து வரவழைத்த தேங்காய்நார் வடத்தைத் துறைமுகத்தில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். நாரில் பூச்சி இருக்கலாமாம், விட மாட்டோம் என்றுவிட்டார்கள். தேருக்கு இரண்டு நாள். கோயில் செயலாளர் கணேசமூர்த்தி மாஸ்டர் போனில் அழாத குறை. “தம்பி, நீர் கயித்துக்கடலுக்குள்ளதானே நிக்கிறீர். ஒண்டு தாருமன். சாமி காரியம்.” அன்றைக்குக் காலையில்தான் ஒரு கயிற்றைக் கழித்திருந்தேன். ஆயுள் முடிந்த கயிறு, வெள்ளையில் ஒரு ஆரஞ்சு இழை ஓடும். வெட்டி எறியப்போவதைச் சாமிக்குக் கொடுத்தால் யாருக்கு என்ன நட்டம் என்று நினைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. காரின் பின்பக்கம் போட்டுக்கொண்டு நேரே கோயிலுக்குப் போனேன்.

மாஸ்டர் அந்த அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார். பெரிய எழுத்தில், கழிக்கப்பட்டது, உயிர்ப் பாரத்துக்கு உதவாது என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. “இதென்னப்பா, சாமியின்ரை வடத்திலை இப்பிடி எழுதிக் கிடக்கு? அபசகுனமெல்லோ. கழட்டும் கழட்டும்.” கழற்றினேன். மறுபடி கட்டலாம் என்று சட்டைப் பையில் போட்டேன். கயிற்றுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஐயர் ஒரு பூமாலையும் சுற்றினார். சனிக்கிழமை தேரன்று நானும் இழுத்தேன், நீயும் இழுத்தாய், அம்மாவும் இழுத்தாள். தார் வெயிலில் உருக, கயிறு தரையில் இழுபட்டுக்கொண்டே வந்தது. ஒரு வளைவில் தேரின் சில்லு அதன்மேல் ஏறி இறங்கியதை நான் என் கண்ணால் கண்டேன். அந்த நேரம் எனக்குள் இருந்த கயிற்றுக்காரன் எங்கே போனான் என்று தெரியவில்லை. அரோகரா சொல்லிக்கொண்டிருந்தேன்.

தேர் முடிந்து கயிறு என்னிடம் திரும்பி வந்தது. மவுண்ட் ஆல்பர்ட் வீட்டுப் பின்வளவில் ஃபீஜோவா மரத்தடியில் வைத்துக் குழாய்த் தண்ணீரில் கழுவினேன். நீ ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாய், பதினாறு வயது உனக்கு. “என்ன வாசம் அப்பா இது, கோயில் மாதிரி?” என்று கேட்டாய். திங்கட்கிழமை அதை ஸ்டோருக்குக் கொண்டுபோய்க் கத்தியைக் கையில் எடுத்தேன். வெட்ட முடியவில்லை, மகள். முந்தாநாள் சாமியை இழுத்த கயிறு. அதில் எப்படிக் கத்தி வைப்பது? கழிவுத் தொட்டியில் போடலாம் என்றால் அது கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் தரையில் இருக்கிறது. அதற்குள் வடத்தைப் போட எனக்கு மனம் வரவில்லை. தரையில் வைக்கவே மனம் வரவில்லை. ஆகவே பைக்குள் சுருட்டிப் போட்டுச் சுவரில் இருந்த கடைசிக் கொக்கியில் மாட்டினேன். நல்ல கயிறுகள் மாட்டும் வரிசை அது. அட்டையையாவது திரும்பக் கட்டியிருக்கலாம். அந்தச் சொல்லைத் திரும்பவும் அதில் தொங்கவிட ஒரு மாதிரியாக இருந்தது. இந்த வெள்ளிக்கிழமை கடலில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவோம், அதுவரை இருக்கட்டும் என்று அட்டையை என் மேசை லாச்சிக்குள் போட்டேன். கேட்க உனக்குச் சிரிப்பு வரும். வரட்டும், எனக்கும் சில நாளில் வருகிறது.

வியாழக்கிழமை காலை நான் ஸ்டோரில் இல்லை. நகரத்தில் ஒரு டாக்டரிடம் இங்கே நிரந்தரமாக இருக்க ரெசிடன்ஸ் கேட்டதற்கான மருத்துவப் பரிசோதனைக்கு நின்றேன். நெஞ்சுப் படம் எடுக்கச் சட்டையைக் கழற்றிக்கொண்டு நின்ற நேரம், மலையில் இரண்டு இடத்தில் தீ என்று அழைப்பு வந்திருக்கிறது. முதல் ஹெலிகாப்டர் நல்ல கயிறுகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. இரண்டாவதற்குச் சேகர் ஸ்பாட்டர். ஸ்டோருக்குள் வந்து மிச்சமிருந்த பைகளைப் பார்த்திருக்கிறார். கடைசிக் கொக்கியில் இருந்ததைத் திறந்து, இரண்டு முனையையும் எடுத்து, அட்டை இருக்கிறதா என்று தேடியிருக்கிறார். இல்லை. இலக்கத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு பதிவுப் புத்தகத்தில் பார்க்கப் போயிருக்கிறார். அலுமாரி பூட்டிக் கிடந்தது. திறப்பு நான் கழற்றிவைத்த சட்டையின் பையில், டாக்டரின் அறை நாற்காலியில். நல்ல வரிசையில் தொங்கும் பை, அட்டை இல்லாத கயிறு, வெளியே ஹெலிகாப்டரின் காற்றாடி சுற்றத் தொடங்கிவிட்டது. அவர் எடுத்துக்கொண்டு போனார்.

இறங்கியவர் பாதி வழியில் நின்றுவிட்டார். கயிற்றின் மேலுறை உள்ளே இருந்த திரியை விட்டு வழுகி ஓரிடத்தில் சுருண்டு திரண்டிருக்கிறது, தேர்ச் சில்லு ஏறிய இடமாகத்தான் இருக்கும். இறங்கும் கருவி அதில் போய் இறுகிக்கொண்டது. மேலேயும் போக வழியில்லை, கீழேயும் போக வழியில்லை, மர உச்சிகளுக்கு மேல் ஒரு மனிதன் தொங்குகிறான், பக்கத்தில் புகை. இந்த இடத்தில் ஸ்பாட்டர் பதறினால் எல்லாம் முடிந்தது என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. சேகர் பதறவில்லை. வயிற்றில் படுத்துத் தலையை வெளியே நீட்டி, இடம் வலம் என்று விமானிக்கு ஒவ்வொரு அடியாகச் சொல்லி, ஹெலிகாப்டரையே மெல்ல மெல்ல இறக்கி, கிளைகளுக்கிடையால் அந்த மனிதனைத் தரையில் கொண்டுபோய் வைத்தார். ஒரு கிளையில் கால் மாட்டித் தொடை எலும்பு முறிந்தது. உயிர் தப்பியது. அன்றைக்கு அந்தக் கதவில் வேறு ஆள் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை நான் வேறு இடத்திலிருந்து எழுதியிருப்பேன்.

மத்தியானம் நான் திரும்பி வந்தபோது ஹெலிகாப்டர் கொட்டகையில் ஒரு சத்தமில்லை. வாசலில் நின்ற ஒருவர் சொன்னார். எந்தக் கயிறு என்று கேட்டேன். வெள்ளையில் ஆரஞ்சு இழை என்றார். நேரே ஸ்டோருக்குப் போனேன், லாச்சியைத் திறந்தேன், சிவப்பு அட்டையை எடுத்தேன், கடைசிக் கொக்கிக்குக் கீழே தரையில் போட்டேன். அவ்வளவுதான். இரண்டு நிமிடமும் பிடிக்கவில்லை. என் மூளைக்குள் விசா, விசா, விசா என்று ஒன்றே ஒன்றுதான் ஓடியது. வேலை போனால் விசா போகும், விசா போனால் உன் பள்ளிக்கூடம் போகும், நாலு சூட்கேசோடு திரும்ப வேண்டும். அதை நியாயம் என்று சொல்ல வரவில்லை. அது என் தலைக்குள் இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

விசாரணைக்கு வந்தவர்கள் அட்டையைத் தரையில் கண்டெடுத்தார்கள். “கழித்த அன்றே இந்த அட்டையைக் கட்டினேன்,” என்று எழுதிக் கொடுத்தேன். அந்த வரி உண்மை, பார். அதனால்தான் அவ்வளவு தெளிவாக எழுத முடிந்தது. உடனே ஏன் வெட்டவில்லை என்று கேட்டார்கள், வேலை மிகுதி என்றேன், ஒரு எச்சரிக்கைக் கடிதம் தந்தார்கள். சேகர் திரும்பத் திரும்ப ஒன்றுதான் சொன்னார், “டேக் இல்ல. நான் பாத்தேன். டேக் இல்ல.” எடுக்கும்போது அறுந்து விழுந்திருக்கும், அவசரத்தில் சேகர் கவனிக்கவில்லை என்று எழுதி முடித்துவிட்டார்கள். கயிற்றைச் சோதனைக்குக் கொண்டுபோய்ப் பதினாறு துண்டாக வெட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் வெட்டப் பயந்த கயிறு. சேகரை வானத்திலிருந்து இறக்கித் தரை வேலைக்குப் போட்டார்கள், மூன்று மாதத்தில் அவரே விலகினார். எங்களுக்கு ரெசிடன்ஸ் கிடைத்தபோது வீட்டில் ஒரு சின்னச் சாப்பாடு வைத்தோமே, சேகர் ஒரு கேக்கோடு வந்தார். “சந்தோசம்ணே,” என்று என் கையைப் பிடித்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நம் வீட்டில் சாப்பிட்ட மனிதன் அதற்குப் பிறகு வரவில்லை. “ஏன் சேகர் வாறேல்லை?” என்று அம்மா கேட்பாள். “என்னத்தைக் கண்டன்” என்பேன்.

நீதான் அந்தக் கதையை விடவில்லை. அந்த வயதில் பிள்ளைகள் அப்பாவின் வேலையைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டார்கள், நீ தோண்டித் தோண்டிக் கேட்டாய். சேகர் அங்கிள் அட்டையைப் பார்க்கவில்லையா, எப்படிப் பார்க்காமல் விடலாம் என்று. “மனிசர்தானே, அவசரத்திலை கண் விட்டிடும்,” என்றேன். பெரிய ஞானி மாதிரிச் சொன்னேன். அதிலிருந்துதான் உனக்கு இந்தப் பார்ப்பதும் தொடுவதும் வாசிப்பதும் வந்தது. என் பொய்யிலிருந்து நீ ஒரு நல்ல பழக்கத்தைச் செய்துகொண்டாய். அதை வைத்து ஏழு வருடம் உயிரோடும் இருந்திருக்கிறாய். அதனால் பொய் நல்லதாகிவிடுமோ என்று நானும் எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்துவிட்டேன். ஆகாது. நீ உன் ஆட்களுக்கு அனுபவசாலியின் கண்ணைச் சந்தேகப்படச் சொல்லிக்கொடுக்கப் போகிறாய். எங்கள் ஸ்டோரில் கண்ணில் பிழை இருக்கவில்லை.

போன சனிக்கிழமை காலை மங்கரேக்குப் போனேன். சேகர் அங்கேதான் விமான நிலையத்துக்குப் பக்கத்துச் சரக்குக் கிடங்கு ஒன்றில் வேலை செய்கிறார், தனியாக ஒரு யூனிட்டில் இருக்கிறார். வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தார். மயிர் எல்லாம் வெளுத்துவிட்டது. “என்னாண்ணே, காலையிலேயே! வாங்க, உள்ள உக்காருங்க லா, டீ போடுறேன்,” என்றார். அந்த மலேசியத் தமிழ் மட்டும் அப்படியே இருக்கிறது. உள்ளே வர மாட்டேன், நின்றுகொண்டே சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சொன்னேன். கோயில், மாஸ்டர், கொக்கி, லாச்சி, தரையில் போட்டது, எல்லாம். அவர் கையிலிருந்த குழாயிலிருந்து தண்ணீர் அவர் செருப்பின் மேலேயே ஊற்றிக்கொண்டிருந்தது.

“அப்ப டேக் இல்ல?” என்றார்.

“இல்லை.”

“நான் பாத்தப்ப இல்ல.”

“இல்லை சேகர். நீர் பார்த்தது சரி.”

“கொக்கில மாட்டுனப்பவே இல்ல?”

“நான்தான் கழட்டினனான்.”

மூன்றுதரம் கேட்டார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும், அடித்திருந்தால் இன்னும் சுகம். அவர் போய்க் குழாயைப் பூட்டினார். திரும்ப ஒருதரம் போய்ப் பூட்டியதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு போனை எடுத்து என்னிடம் நீட்டினார். அதற்குள் ஒரே படங்கள், மகள். அணைத்த அடுப்பு. பூட்டிய கதவு. அணைத்த அடுப்பு. காரின் கைப்பிரேக். அணைத்த அடுப்பு. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. “வேலைக்குப் போறப்ப எடுத்துப்பேன். இல்லாட்டி பாதி வழில திரும்பி வந்துருவேன். பாத்தேன்னு எனக்கே நம்பிக்கை வராதுண்ணே. அன்னைக்கு டேக் இல்லன்னு பாத்தேன், டேக் இருந்துச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. சரி, நம்ம கண்ணு நம்ம கண்ணு இல்லபோலன்னு விட்டுட்டேன்,” என்றார். திரும்பப் பறக்கக் கூப்பிட்ட இரண்டு இடத்துக்கும் அவர் அதனால்தான் போகவில்லையாம். நான் அவர் வேலையைத்தான் பறித்தேன் என்று இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மன்னிப்புக் கேட்டேன். “போங்கண்ணே. இன்னைக்குப் போயிருங்க,” என்றார். கார்க் கதவைத் திறந்தபோது பின்னால் வந்து, “பாப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?” என்று கேட்டார். நீ பொறுப்பாளராகியிருப்பது அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. இல்லை என்றேன். “மொதல்ல அதுகிட்ட சொல்லுங்க. அது ஆளுங்களக் கயித்துல எறக்கப்போவுது,” என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் வெகுநேரம் கறிவேப்பிலை உருவிக்கொண்டே இருந்தாள். “அந்தாளைப் பற்றி நான் கேட்கேக்கையெல்லாம் என்னத்தைக் கண்டன் எண்டுதானே சொன்னனீங்கள்,” என்றாள். அதற்குப் பிறகு என்னோடு அவ்வளவாகக் கதைக்கவில்லை. சமைக்கிறாள், தருகிறாள்.

எனக்கு அறுபத்தைந்து வயது, களைத்துப்போனேன். உனக்குப் புத்திமதி சொல்லும் தகுதி போய்விட்டது என்று தெரியும். ஆனாலும் பிழை விட்டவனுக்குத்தான் அந்தப் பிழை போகும் பாதை அடி அடியாகத் தெரியும், ஆகவே கேள். காற்று எவ்வளவு இருந்தால் இறங்கக்கூடாது, எத்தனை நாள் இறங்காமல் இருந்தவரைத் திரும்பப் பழக்க வேண்டும், ஒரு மணி நேரம் நடந்து போகக்கூடிய தீக்கு ஏன் கயிறு, இதெல்லாம் நீ என்னைவிட வடிவாகச் சொல்வாய். நான் சொல்வது ஸ்டோரைப் பற்றி. உன் ஆட்கள் மேலே பறந்து திரும்பி வந்து கட்டிப்பிடித்துக்கொள்ளும் நேரம், கீழே கயிறு உருவுகிறவனையும் கூப்பிடு. பதிவுப் புத்தகத்தின் திறப்பு ஒருவன் பையில் மட்டும் இருக்க விடாதே. கழித்த கயிற்றை வெட்டும்போது நீயே பக்கத்தில் போய் நில், அவனுக்கு அதை வெட்ட மனம் வராமல் இருக்க உனக்கு விளங்காத ஒரு காரணம் இருக்கலாம். அந்தக் காரணத்தைச் சிரிக்காமல் கேள். யார் விசாவில் நிற்கிறான், யாருக்கு வீட்டில் என்ன பாரம் என்று தெரிந்து வைத்துக்கொள். பிழையைச் சொன்னால் வேலை போகாது என்று அவனுக்கு முதல்நாளே சொல்லு, சொன்னதைக் காப்பாற்று. அப்படி ஒருவர் எனக்குச் சொல்லியிருந்தால் நான் உண்மை சொல்லியிருப்பேன் என்று சத்தியம் பண்ண முடியாது. ஆனால் லாச்சிக்கும் கொக்கிக்கும் இடையில் ஒரு நிமிடம் நின்றிருப்பேன் என்று நினைக்கிறேன்.

இன்னும் ஒன்று. ஒரு ஆள் “நான் பார்த்தேன், இருக்கவில்லை” என்று திரும்பத் திரும்ப ஒரே சொல்லைச் சொன்னால், உடனே அவன் கண்ணைக் குறை சொல்லாதே. யார் வந்து போனார்கள், எது இடம் மாறியது என்று தேடு. அறிக்கை எழுதியவர்களுக்கு ஒரு கடிதம் தொடங்கியிருக்கிறேன், ஆங்கிலத்தில். மூன்று நாளில் நாலு வரி வந்திருக்கிறது. கால் முறிந்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்றும் தேட வேண்டும், ரொட்டோருவாப் பக்கம் போனதாகக் கேள்வி. அதையெல்லாம் நான் செய்வேன். நீ அதற்காக ஒன்றும் செய்யத் தேவையில்லை. என்னோடு கதைக்க உனக்கு மனம் வரும்வரை போன் எடுக்கவும் தேவையில்லை. அம்மாவுக்கு மட்டும் எடு.

திங்கட்கிழமை வகுப்பில் அந்தச் சிவப்பு அட்டைப் படத்தை எடுத்துவிடாதே, அது அங்கேயே இருக்கட்டும். நியூசிலாந்தில் ஒரு ஸ்பாட்டர் இருந்தார் என்று அதே மாதிரித் தொடங்கு. அவர் பார்த்தார், சரியாகத்தான் பார்த்தார், தொங்கிய மனிதனை உயிரோடு தரையில் வைத்தவரும் அவர்தான் என்று சொல். அட்டையைக் கழற்றிவிட்டுப் பொய் சொன்னவன் ஸ்டோரில் இருந்தவன் என்று சொல். யாராவது ஒருவர் கையை உயர்த்தி, இது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்.

அவர் என் அப்பா என்று சொல்.